ஓவியம் படித்தவருக்கு மாணவர் விவகாரப் பிரிவில் என்ன வேலை?

அன்புள்ள தங்கைக்கு,

பேலியகொடையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படித்துப் பட்டம் பெற்றிருக்கிறீர்கள். வீட்டிலோ "சித்திர ரீச்சர் நியமனம் எப்ப வரும்?" என்ற ஒரே கேள்வி. உங்களுக்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவில் வேலை செய்ய ஆசை. ஓவியம் படித்தவளுக்கு அங்கே இடமிருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. அந்த மேசைக்குப் பின்னால் பல வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அது கோப்பு வேலை: மகாபொல உதவித்தொகை, விடுதி அனுமதி, சங்கங்களின் விழாக்கள், பகிடிவதை முறைப்பாடுகள். ஆனால் "மகாபொல இன்னும் வரேல்லை" என்று வந்து நிற்கும் பிள்ளைக்குப் பல நேரம் அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கும். காலையில் சாப்பிடாமல் விரிவுரைக்குப் போவதையோ, சீனியர்களுக்குப் பயந்து விடுதிக்குத் திரும்பாமல் இருப்பதையோ அது வாயால் சொல்லாது. பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் 1998இல் வந்தது. பெரும்பாலும் முறைப்பாடு வந்தால்தான் சட்டம் அசையும்; முறையிடத் துணியாத பிள்ளையை யாராவது கண்டுபிடிக்க வேண்டுமே. நீங்கள் நான்கு வருடம் பழகியது அப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பதைத்தான். இருக்கும் என்று நினைப்பதை வரையாமல், முன்னால் இருப்பதைப் பார்த்து வரையப் பழகிய கண் அது. சக மாணவியின் படத்தில் குறை சொல்லும்போது அவளைக் காயப்படுத்தாமல் படத்தைப் பற்றி மட்டும் பேசவும் பழகியிருப்பீர்கள். ஒழுக்காற்று விசாரணை அறையில் அந்தப் பழக்கத்துக்கு இருக்கும் பெறுமதியை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலின் தொடக்கமும் கலைப்பக்கம்தான். 1891இல் ஹார்வர்ட் கல்லூரியில் மாணவர் பொறுப்பைக் கவனிக்கும் டீனாக வந்த லெபரன் ரசல் பிரிக்ஸ் ஓர் ஆங்கில ஆசிரியர். அவ்வளவு தூரம் ஏன்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 1980களில் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை நெறிப்படுத்திய க. சிதம்பரநாதன், போர்க்காலத்து இளைஞரின் மனக்காயத்தை ஆற்றும் களமாகவே அரங்கை வளர்த்தெடுத்தார். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கனடிய ஓவியர் போல் ஹோகனும் உளவளத்துணையாளரான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் சேர்ந்து, போரில் அடிபட்ட சிறுவர்களுக்காகக் களிமண்ணும் வண்ணமும் கதையுமாய் அதை நடத்தினார்கள். ஓவியரும் ஆற்றுப்படுத்துநரும் ஒன்றாய் நின்ற அந்த இடம், உங்கள் கேள்விக்கு நம் மண்ணிலேயே கிடைக்கும் பதில்.

உங்கள் ஊரைப் பாருங்கள். 1875இல் பேலியகொடையில் தொடங்கிய வித்தியாலங்கார பிரிவெனா என்ற பௌத்தத் துறவிகளின் கல்விக்கூடம்தான் 1959இல் பல்கலைக்கழகமாகி, இன்று களனிப் பல்கலைக்கழகமாய் நிற்கிறது. ஹட்டனிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். விடுதிப் படிவத்தைச் சிங்களத்தில் நீட்டும்போது அவர்கள் முகம் எப்படிச் சுருங்கும் என்பது எனக்குத் தெரியும். தமிழில் "என்னம்மா?" என்று கேட்க ஒருவர் இருந்தால் முதல் மாதமே வேறு மாதிரி இருக்கும். பேலியகொடையில் வளர்ந்த உங்களுக்குப் பேச்சுச் சிங்களம் வரும். எழுத்தையும் இந்த வருடமே பிடித்துவிடுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மாணவ ஆலோசகர்களாகப் பெரும்பாலும் விரிவுரையாளர்களையே நியமிக்கிறார்கள். நேரே அந்தக் கதிரையில் போய் உட்கார முடியாது. உங்களுக்குத் திறக்கக்கூடிய கதவுகள் உப விடுதிப் பொறுப்பாளர் பதவியும் நிர்வாகப் பதவிகளும். விளம்பரம் வந்ததும் தகைமைப் பகுதியை வரிவரியாக வாசியுங்கள். உளவளத்துணையில் ஒரு டிப்ளோமா செய்தால் கை வலுக்கும். விண்ணப்பத்தில் "ஓவியம் வரைவேன்" என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். இறுதியாண்டுக் கண்காட்சியை எத்தனை பேரோடு, எந்தக் காசில், யாருடைய சண்டையைத் தீர்த்து நடத்தினீர்கள் என்று எழுதுங்கள். நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் அண்ணன்