பல்வகைக் கணினிகளும் ஒரே கோப்பறையும்

ஏட்டுச் சுவடியைப் பலர் படியெடுக்குங்கால் பாடபேதம் தோன்றுதல் இயல்பு. கணினிக் கோப்புகளும் அவ்வியல்பினின்று நீங்கியன அல்ல. ஒரு தவணை இறுதியிலே ஆசிரியர் மூவர் ஒரே புள்ளிப் பதிவைத் தத்தம் பென்டிரைவிற் கொண்டுசென்று திருத்தினர். ஒரு மாணவனுக்கு மூன்று படிகளிலும் மூன்று வெவ்வேறு புள்ளிகள் நின்றன. அன்றே யாம் இப்பொருளைக் கற்கத் தலைப்பட்டோம்.

கோப்பு ஓரிடத்தே இருக்க, அனைவரும் ஆங்குச் சென்று எழுதுதலே தீர்வு. ஆயின் வின்டோஸ், லினக்ஸ், மக் என மூவகைக் கணினிகள் கூடியுள்ள இடத்தில் அது எங்ஙனம் கைகூடும்? வின்டோஸ் கோப்புப் பகிர்விற் பேசும் மொழி எஸ்.எம்.பி. எனப்படும். யூனிக்ஸ் கணினிகளுக்கெனச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் என்.எப்.எஸ். என்பதனை வெளியிட்டது. லினக்ஸ் வழங்கியையும் எஸ்.எம்.பி. பேசவைப்பது சம்பா என்னும் மென்பொருள். அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரிலே அன்ட்ரூ ட்ரிஜெல் 1991இல் அதனை எழுதத் தொடங்கினார். எஸ், எம், பி ஆகிய எழுத்துக்கள் முறையே வரும் சொல்லைத் தேடி இட்ட பெயரது. நம் நெல்லோடு அதற்கு உறவில்லை.

இனி, நாடோறும் கையால் இணைக்கும் தொல்லையை நீக்குதல் வேண்டும். வின்டோசில் குறூப் பொலிசி என்னும் ஏற்பாடு, பயனர் உள்நுழையும்போதே கோப்பறையை இணைத்துவிடும். மக்கில், உள்நுழைகையில் தொடங்குவனவற்றின் பட்டியலில் அதனைச் சேர்த்தல் போதும். லினக்சில் ஓட்டோ எப்.எஸ். என்பது பயனர் நாடும் கணத்தில் அறையை இணைத்து, குறித்த நேரம் வாளாவிருப்பின் தானே கழற்றிவிடும். ஆதலின் வழங்கி நின்றிருப்பினும் கணினி தொடங்குதல் தடைப்படாது.

எனினும் கதவு தானே திறக்குமாயின், யாருக்குத் திறக்கிறது என்பதே தலையாய வினா. கடவுச்சொல்லைக் கோப்பிலே வெளிப்பட எழுதிவைத்தல் தகாது. அக்டிவ் டிரெக்டரி போன்ற பொதுப் பெயரேட்டில் ஒருவர்க்கு ஒரு கணக்கே வைத்து, கேர்பரோஸ் நுழைவுச்சீட்டால் மூவகைக் கணினியிலும் அவரை அறிதல் நன்று. உரிமையைத் தனியாளுக்கன்றிக் குழுவிற்கு அளித்தால், இடம்மாறிச் செல்பவரின் பெயரைக் குழுவினின்று நீக்குதலே அமையும். எஸ்.எம்.பி.யின் பழைய முதற் பதிப்பை மூடிவிடுக. 2017 மே மாதத்தில் வனாகிறை என்னும் தீநிரல் அதன் குறைபாட்டின் வழியே உலகெங்கும் பரவிற்று. ஓரிடத்துள்ளது ஓரிடத்திலேயே அழியுமாதலின் நாடோறும் காப்புப்படி எடுத்தலும் கடனாகும்.

விடைத்தாளைப் புரட்டியபோது அம்மாணவன் சித்தியெய்தியிருந்தமை தெரிந்தது. பிழைபட்ட படியோ அவனைத் தவறியவனாகக் காட்டிற்று. ஒரு கோப்பைச் செவ்வனே பேணுதல் ஒரு பிள்ளையின் உழைப்பைப் பேணுதலாம் என்பதை யாம் அன்று உணர்ந்தோம்.