குளவிக் கூடா? கம்பை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

நண்பர்களே, நம்ம புதுச்சேரியில பழைய வீடுன்னா திண்ணை, தாழ்வாரம், மர ஜன்னல்; ஹாஸ்டல்னா சன்ஷேடு, தண்ணி டேங்க். குளவிக்கு இடத்துக்குப் பஞ்சமே இல்ல. கூட்டைப் பார்த்ததும் நாம முதல்ல தேடறது ஒட்டடைக் கம்பு. போன வருஷம் என் ரூம்மேட் அப்படித் தட்டினான். ரெண்டு கண்ணும் வீங்கி, இன்டர்னல் எக்ஸாம் போச்சு. அவன் தட்டினது சின்னக் குளவிக் கூடு. அதனால அதோட முடிஞ்சுது. கலைக்கறதுக்கு முன்னாடி அது எந்தக் குளவின்னு தெரியணும்.

1. மண் குளவி
சுவரில் களிமண் உருண்டை மாதிரி ஒட்டியிருக்கும். இது தனியாக வாழ்வது. சிலந்தியையோ புழுவையோ கொட்டி, அசையாமல் ஆக்கி, முட்டையோடு உள்ளே வைத்து மூடிவிடும். கூட்டமாக வந்து கொட்டாது. "கூடு கட்டினா வீட்ல குழந்தை பிறக்கும்"னு பாட்டி கலைக்க விடமாட்டாங்க. அவங்க பேச்சைக் கேட்டா நஷ்டமில்ல. கூட்டில் ஓட்டை விழுந்திருந்தால் குஞ்சு பறந்துவிட்டது, சுரண்டி எடுக்கலாம்.

ஆனா சின்னத் துளை கிடைச்சா அங்கேயும் மண்ணை அடைச்சிடும். 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசில் ஒரு போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் அடைபட்டிருந்தது. மண் குளவிக் கூடாக இருக்கலாம் என்பதே விசாரணையில் எழுந்த சந்தேகம். லீவு முடிஞ்சு வந்ததும் ஏசி தண்ணிக் குழாய், பைக் சைலன்சர், பிளக் பாயின்ட் எல்லாத்தையும் ஒரு தடவை பாருங்க. பிளக் பாயின்ட்னா மெயினை அணைச்சிட்டுத்தான் கை வைக்கணும்.

2. காகிதக் குளவி
மரநாரை மென்று, எச்சில் கலந்து கட்டும் கூடு. ஒரு காம்பில் தொங்கும். அறைகள் மூடாமல் வெளியே தெரியும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல ஆண்டுகள் ஆராய்ந்த ரொபாலிடியா மார்ஜினேட்டா இந்த ரகம்தான். தோட்டத்துப் புழுக்களைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும். எட்டாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். கதவுப் பக்கம் என்றால், நாலைந்து அறை இருக்கும்போதே, குளவி இல்லாத நேரம் பார்த்துத் தட்டிவிடலாம். பெரிசாயிட்டா பூச்சி ஒழிப்பு ஆளைக் கூப்பிடுங்க.

3. கதண்டு
கதம்ப வண்டு, விஷ வண்டு என்றும் சொல்வார்கள். உருவம் பெரிது, கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை. பனையிலோ மாடியிலோ பானை மாதிரி மூடிய கூடு. உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும், கூட்டமாகத் துரத்தும். தமிழ்நாட்டில் இது கொட்டி இறந்தவர்கள் உண்டு. கல், மண்ணெண்ணெய், தீப்பந்தம் எதுவும் நம்ம வேலை இல்ல. தள்ளி நின்று, 101-க்கு போன் பண்ணுங்க.

கொட்டிட்டா?
அங்கேயே நின்று அடிக்காதீர்கள். நசுங்கும் கதண்டின் வாசனை மற்றதையும் கிளப்பிவிடும். ஓடி உள்ளே போய்க் கதவைச் சாத்துங்க. மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுங்க. மூச்சுத் திணறல், உதடு வீக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே 108. நிறைய இடத்தில் கொட்டியிருந்தால், தெம்பாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். விஷம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்; அடுத்த நாட்களில் சிறுநீர் கறுத்துப் போவது அதற்கு அறிகுறி.

இன்னைக்கு ரூமுக்குப் போனதும் சன்ஷேடை ஒருமுறை நிமிர்ந்து பாருங்க. கூடு சின்னதா இருக்கும்போது தெரிஞ்சா வேலையும் சின்னது.