உட்கார்ந்திருக்கும்போதே நாடி வேகமா? எப்போது மருத்துவ உதவி தேவை

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து ரூமுக்கு வந்து படுக்கிறீர்கள். கையில் இருக்கும் ஸ்மார்ட்வாட்ச் 112 என்று காட்டுகிறது. பயப்படணுமா, "தூங்கினா சரியாப் போயிடும்" என்று விட்டுவிடலாமா? எண் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. கூடவே உடம்பு என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

எது இயல்பு?

ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு இயல்பு. ஓய்விலும் 100-ஐத் தாண்டினால் வேகத் துடிப்பு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இயல்பாகவே துடிப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும்.

நீங்களே எண்ணுவது எப்படி?

1. டீ, காபி, சிகரெட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் விடுங்கள். பிறகு 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள்.
2. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பே குழப்பும்.
3. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு விட்டுவிட்டு வந்தால் முழு நிமிடம் எண்ணுங்கள்.
4. மூன்று நாள் காலையில் எழுந்ததும் எண்ணி, போனில் குறித்து வையுங்கள்.

வாட்ச் தோலில் ஒளியைப் பாய்ச்சித்தான் துடிப்பைக் கணக்கிடுகிறது. பட்டை தளர்ந்தாலோ கை ஆடினாலோ கணக்கு தப்பலாம். அதனால் விரலால் எண்ணியும் சரிபாருங்கள்.

ஏன் வேகம் கூடுகிறது?

உலை, வெல்டிங் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு வியர்வையில் நீர் போய்விடும். ரத்த அளவு குறைந்தால், இதயம் வேகமாகத் துடித்து அதை ஈடுகட்டும். ரத்தசோகையிலும் இதே கதைதான்: ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவு, அதனால் இதயத்துக்கு வேலை அதிகம். காய்ச்சல், தைராய்டு, தூக்கமின்மை, பதற்றம், எனர்ஜி டிரிங்க், சில சளி மாத்திரைகள், ஆஸ்துமா மருந்துகளும் காரணமாகலாம். சிலருக்கு இதயத்தின் மின் ஓட்டத்திலேயே கோளாறு இருக்கும். இதை ஈசிஜி காட்டும்.

எப்போது, எங்கே போவது?

உடனே 108: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, குழப்பம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தாமதிக்காதீர்கள். தானாக பைக் ஓட்டிப் போக வேண்டாம்.

அன்றே மருத்துவமனை: வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், திடீரென 150-க்கு மேல் ஓடி, ஓய்வெடுத்தும் இறங்கவில்லை என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையம்: மூன்று நாளும் 100-க்கு மேல் இருந்தால், குறித்து வைத்ததைக் காட்டுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசிஜி தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சந்தேகம் கேட்க 104-ஐ அழைக்கலாம்.

எல்லையோர மக்கள் கவனத்துக்கு

ஜூஜுவாடி பக்கம் போன் கர்நாடக டவரைப் பிடிக்கலாம். அங்கும் ஆம்புலன்ஸ் எண் 108 தான். அதனால் அழைத்ததும் "தமிழ்நாடு, ஓசூர்" என்று முதலில் சொல்லி, பிறகு தெரு, அருகிலுள்ள அடையாளம் சொல்லுங்கள்.

அரசுத் திட்டங்கள்

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கு வரும் பணியாளரிடம் பிரஷர், சர்க்கரை பார்க்கும்போது நாடி வேகத்தையும் சொல்லுங்கள். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியுடன் வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்துகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

இன்று வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை நாடி எண்ணிப் பாருங்கள். இயல்பான எண் தெரிந்திருந்தால், மாறும்போது சீக்கிரம் புரியும்.