கரை காக்கும் பவளம்

தாமிரபரணி ஆறு கடலொடு கலக்கும் இடத்திற்கு வடக்கே அமைந்த துறைமுக நகரம் தூத்துக்குடி. இதற்கு முன்னோடியாய் விளங்கியது பாண்டியரின் கொற்கை. கொற்கை முத்தின் பெருமையைச் சங்கப் புலவர் பாடினர். யவன வணிகர் அதனை விரும்பிக் கொண்டனர். ஆயினும் ஆறு கொணர்ந்த மணலால் அத்துறை தூர்ந்தது, கடல் விலகியது. இன்று கொற்கை கடற்கரையினின்றும் சில கல் தொலைவில் ஒரு சிற்றூராய் இருக்கின்றது.

கடலும் கரையும் ஒரே நிலையில் நில்லா என்பதை இக்கரையோர் நெடுங்காலமாக அறிவர். ஆனால், பண்டை மாறுதல்கள் பல தலைமுறைகளில் மெல்ல நிகழ்ந்தவை. இக்காலத்து மாறுதல்களோ ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள்ளேயே நிகழ்கின்றன. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள வான்தீவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் மாலைபோல் வரிசையாய் அமைந்திருந்தன. அத்தீவுகளைச் சூழ்ந்திருப்பவை பவளப்பாறைகள். பெயரால் பாறை எனப்படினும் பவளம் வெறுங்கல் அன்று. அது சின்னஞ்சிறு உயிர்களின் கூட்டம். அவ்வுயிர்கள் கடல்நீரினின்று சுண்ணத்தைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாய் எழும் அவ்வீடுகளே ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பாறைகளாகின்றன.

இப்பாறைகளால் விளையும் பயன் இருவகைப்படும். சீறிவரும் அலைகள் இவற்றின்மேல் மோதித் தம் வலியை இழக்கின்றன. அதனால் தீவும் கரையும் அரிப்பினின்று தப்புகின்றன. மற்றும், மீன்கள் இவற்றின் இடுக்குகளில் உணவும் புகலிடமும் பெறுகின்றன. வள்ளம் செலுத்தும் மீனவரின் அன்றாட உணவு இப்பாறைகளைச் சார்ந்தது எனின் மிகையாகாது.

இத்தகைய அரணை மக்களே தகர்த்தனர். சுண்ணாம்பு சுடுவதற்கும், வீடு கட்டுவதற்கும், தொழிற்சாலைகளின் தேவைக்கும் பல்லாண்டுகள் பவளப்பாறைகள் உடைத்தெடுக்கப்பட்டன. உடைத்தவருள் பெரும்பாலோர் வறியவர்; அன்றைய கூலியே அவர்தம் கண்முன் நின்றது. கூரையைப் பிரித்து அடுப்பெரித்தவன் மழை வந்தால் எங்கே ஒதுங்குவான்? 1969ஆம் ஆண்டில் ஏறத்தாழ 20 எக்டேர் பரப்பிருந்த வான்தீவு, 2015இல் இரண்டரை எக்டேருக்கும் குறைவாய்ச் சுருங்கியது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கியே போயின.

1986இல் இத்தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் சேர்க்கப்பட்டன. பின்னர்ப் பாறை உடைப்பும் ஒழிந்தது. ஆனால், வேறொரு பகை அதற்குள் வந்துவிட்டது. அதுவே வெப்பம்.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் கரியமில வாயு வானில் மிகுகின்றது. தொழிற்புரட்சிக்கு முன்னர்ப் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த இவ்வாயு, இப்போது 420 பங்கினையும் கடந்துள்ளது. போர்வை உடலின் சூட்டை வெளியே விடாது காப்பதுபோல், இவ்வாயு புவியின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றது. அவ்வாறு மிகும் வெப்பத்தின் பெரும்பகுதியை ஏற்பது கடலே.

பவளத்திற்கு நிறமும் உணவும் அளிப்பது அதன் உடலுள் வாழும் நுண்பாசி. நீரின் சூடு அளவு கடந்தால் பவளம் அப்பாசியை வெளியேற்றிவிடுகின்றது; நிறம் இழந்து வெளுக்கின்றது. சூடு விரைவில் தணிந்தால் மீண்டும் உயிர்க்கும், நீடித்தால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் இவ்வாறு வெளுத்துப் பெருந்துயருற்றன.

வெப்பத்தின் விளைவு கடலோடு நின்றுவிடுவதில்லை. சூடேறிய காற்று மிகுதியான நீராவியைச் சுமக்கும். அது மழையாய்ப் பொழியும்போது அளவின்றிப் பொழியும். 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டு முழுதும் பெய்யவேண்டிய மழையினும் இது மிகுதி. ஒரு பெருமழைக்கு ஒன்றே காரணம் எனத் துணிந்துரைத்தல் தகாது. எனினும், புவி வெப்பமடையுந்தோறும் இத்தகைய பெருமழைகள் மிகும் என்பது அறிவியலார் முடிபு. அவ்வெள்ளத்தில் திருவைகுண்டம் நிலையத்தில் சிக்கிய தொடர்வண்டியில் நூற்றுக்கணக்கான பயணிகள் இருந்தனர். வெள்ளத்தின் நடுவே வாழ்ந்த அருகிலுள்ள ஊரார் அவர்களுக்கு உணவு சமைத்தளித்துப் பசி தீர்த்தனர். இடர் வந்தபோது முதலில் நீண்டது அண்டையர் கையே.

இடர் வந்தபின் உதவுதல் நன்று; வருமுன் தடுத்தல் அதனினும் நன்று. வான்தீவைக் காக்கும் பணி 2015இல் தொடங்கியது. துளைகள் அமைந்த கற்காரைக் கட்டிகள் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டுத் தீவினைச் சுற்றிக் கடலில் இறக்கப்பட்டன. தமிழக அரசும், தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இதில் இணைந்து உழைத்தன. அலையின் வேகம் தணிந்தது. மணல் மீண்டும் சேர்ந்தது. சுருங்கிய தீவு சிறிது வளர்ந்தது. கட்டிகளின் துளைகளில் மீன்கள் குடிபுகுந்தன.

எனினும், கற்காரை அலையைத் தடுக்குமேயன்றி வெப்பத்தைத் தடுக்காது. நோயின் மூலம் நீங்கவேண்டுமாயின் கரி எரிப்பது குறையவேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் பொருள்களுள் நிலக்கரி முதன்மையானது. அனல்மின் நிலையத்தில் அது எரிந்து ஒளி தருகின்றது. 1986இல் இந்தியாவின் முதற் காற்றாலைப் பண்ணைகள் அமைந்த இடங்களுள் ஒன்றும் இத்தூத்துக்குடியே. உப்பளத்தைக் காய்ச்சும் கதிரவனும், கரையில் ஓயாது வீசும் காற்றும் புகையின்றி மின்னாற்றல் தரவல்லன. இவ்விரு வழிகளுள் எதனைப் பெருக்குவது என்பதே இக்காலத்தார் முன் நிற்கும் வினா.

அரசு செய்வன பெரியன. மக்கள் செய்வனவும் சிறியன அல்ல. வீணே எரியும் விளக்கை அணைத்தல், ஏரி குளங்களின் வரத்துக்காலைத் தூராது காத்தல், கழிமுகத்தில் அலையாத்தி மரங்களை வளர்த்தல், கடலில் குப்பை கொட்டாதிருத்தல் ஆகியன யாவராலும் இயல்வன.

முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற இக்கரையில் 1961க்குப்பின் அத்தொழில் நடைபெறவில்லை. முத்து இன்றியும் மக்கள் வாழ்ந்தனர். கரை இன்றி எவ்வாறு வாழ்வர்? சின்னஞ்சிறு உயிர்கள் ஒன்றுகூடிக் கடலுக்கு அரண் எழுப்பின. அறிவுடைய மாந்தர் ஒன்றுகூடினால் அவ்வரணைக் காத்தல் அரிதாமோ?