வட்டத்தில் இருபது பாகை

அன்புள்ள மருமகளுக்கு,

வந்தாறுமூலையில் ஆய்வைத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் குடும்பங்களின் வறுமையை அளக்கப் போகிறாய் என்றால், கணக்குக்கு முதல் அளவுகோலையே படமாக வரைந்து பார்.

ஐ.நா. அபிவிருத்தித் திட்டமும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகமும் 2010 முதல் வெளியிடும் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணை எடுத்துக்கொள். உச்சியில் சுட்டெண், அதன் கீழ் சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத்தரம் என்ற மூன்று பரிமாணங்கள், அடியில் பத்துக் குறிகாட்டிகள். ஆர் மென்பொருளில் வில்லியம் பெக்கர் எழுதிய காயின்-ஆர் பொதி இதை வளையங்கள் அடுக்கிய வட்டமாக வரைந்து தரும். கட்டமைப்புக்கு 14 வரி அட்டவணை வேண்டும். ஒவ்வொரு வரியிலும் முக்கியமாகப் பெயர், மட்டம், எதன் கீழ் வருகிறது, நிறை எவ்வளவு என்று கொடு. நிறை எல்லாம் 1 ஆகவே இருக்கட்டும்; ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பொதியே பங்கிட்டுக்கொள்ளும்.

படம் வந்ததும் கோணத்தைக் கவனி. போசாக்கு, சிறுவர் இறப்பு, படித்த ஆண்டுகள், பள்ளி வரவு ஆகிய நான்கும் தலா 60 பாகை. எரிபொருள், மலசலகூடம், குடிநீர், மின்சாரம், வீடு, உடைமை ஆறும் தலா 20 பாகைதான். ஒரு குடும்பம் வறியது என்று எண்ணப்பட 120 பாகை இல்லாமை வேண்டும். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டில் விறகடுப்பு, மண் தரை, மலசலகூடம் இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, மின்சாரமும் இல்லை என்று வை. மொத்தம் 100 பாகை. மற்ற ஐந்து குறிகாட்டிகளிலும் குறை இல்லையென்றால் அந்த வீடு கணக்கில் ஏறாது! பதினெட்டில் ஒன்று என்று அட்டவணையில் வாசிக்கும்போது இது உறைப்பதில்லை.

உடைமைப் பட்டியலையும் பார். வானொலி, தொலைக்காட்சி, சைக்கிள், குளிர்சாதனப்பெட்டியோடு மாட்டுவண்டியும் உண்டு. வாவியை நம்பி வாழ்பவனின் தோணி அதில் இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

ஒரு எச்சரிக்கை. வளையங்களின் அகலம் ஒன்றானால் நடுவிலிருந்து வெளியே பரப்பு 1:3:5 என்று பெருகும். அதே மூன்றிலொரு பங்கு வெளிவளையத்தில் பெரிதாகத் தெரியும். அறிக்கையில் போடுவதற்கு அடுக்குப் பட்டைப் படமே நேர்மையானது. பொதியில் அதுவும் இருக்கிறது. தமிழ்ப் பெயரிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். அப்படி நேராதிருக்க ஆர் மென்பொருளின் ராக் பொதியால் படத்தைச் சேமி.

மேலே சொன்ன சுட்டெண்ணின் உலகச் சட்டகத்தில் 2016 தரவுப்படி இலங்கையில் வறியவர் 2.9 வீதம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டுக்கென்று வகுத்த சட்டகத்தில், 2019 தரவுப்படி 16 வீதம். தரவும் வேறு, கேட்ட கேள்விகளும் வேறு. இரண்டு சட்டகங்களையும் அருகருகே வரைந்து, எந்தக் கேள்வி எத்தனை பாகை பிடிக்கிறது என்று குறித்துக்கொண்ட பிறகே படிவத்தைத் தயாரி. தோணி, வலை பற்றிய கேள்விகளையும் அதில் சேர். சுட்டெண்ணுக்குள் வைக்க முடியாவிட்டாலும் தரவு உன் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா