கீமோவுக்கும் கேரம் போர்டுக்கும் நடுவே: கத்திவாக்கத்துத் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

கீமோ சிகிச்சையில் அதிகம் கேட்கும் கணக்கு 21 நாள். ஒரு நாள் மருந்து ஏறும். மிச்ச நாளெல்லாம் உடம்பு அதைத் தாங்கி எழுந்து நிற்கும். பிறகு மறுபடி மருந்து. சிலருக்கு 14 நாள் இடைவெளி, சிலருக்கு வாரம் ஒரு முறை. கத்திவாக்கத்தில் ஒரு வீட்டில் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், கணவருக்குத் துறைமுகத்துப் பக்கம் ஷிஃப்ட் வேலை என்று வைத்துக்கொள்வோம். சினிமா, கடற்கரை, மீன் குழம்பு, சீண்டல், சிரிப்பு எல்லாமே 'உடம்பு சரியாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஓரம் கட்டப்படும். கீமோ, அறுவை, அதன்பின் கரண்ட் (கதிர்வீச்சு) என்று வரிசையாகப் போனால் அந்த 'அப்புறம்' வந்து சேர ஓர் ஆண்டுகூட ஆகலாம். ஓர் ஆண்டு சிரிக்காமல் இருக்கச் சொல்லி எந்த டாக்டரும் சீட்டு எழுதுவதில்லை.

ஆகவே சிகிச்சை நடக்கும்போதே சந்தோஷத்துக்கும் தேதி குறிக்க வேண்டும். எப்படி என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் காலண்டர்

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை இறக்கி, மூன்று ஸ்கெட்ச் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து ஏறும் நாளும் அடுத்த மூன்று, நான்கு நாளும் சிவப்பு. வாந்தி, அசதி, வாய்க்கசப்பு எல்லாம் வரிசைகட்டும் நாள்கள். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை மஞ்சள். பல கீமோ மருந்துகளில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குவது இந்தச் சமயத்தில்தான். ஏமாற்றும் நாள்களும் இவையே. வாந்தி நின்றிருக்கும், முகத்தில் களை திரும்பியிருக்கும், "தெம்பாத்தான் இருக்கேன், தேரடி வரைக்கும் போயிட்டு வரலாங்க" என்று மனைவியே கிளம்புவார். ஆனால் கூட்டத்தில் ஒருவர் இருமினாலே தொற்றிக்கொள்ளும் நிலையில் உடம்பு இருக்கும். பதினைந்தாம் நாளிலிருந்து அடுத்த மருந்துவரை பச்சை.

இந்த நாள் கணக்கு மருந்துக்கு மருந்து மாறும். டே கேர் நர்ஸிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "இந்த மருந்துக்கு ரத்தக் கவுண்ட் எப்போ இறங்கும், எப்போ ஏறும்?" பதிலுக்கு ஏற்ப நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

கரண்ட் வைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் போக வேண்டும், சனி ஞாயிறு விடுமுறை. படுத்திருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அசதி மட்டும் வாரத்துக்கு வாரம் சேர்ந்துகொண்டே போகும். வெளியே போகும் திட்டங்களை முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட்டு, கடைசி வாரங்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஏதாவது வைத்துக்கொள்வது நல்லது.

நிறத்துக்கு ஏற்ற விளையாட்டு

சிவப்பு நாளில் பெரிதாக ஒன்றும் நடக்காது, நடத்தவும் முயல வேண்டாம். பழைய படம் ஒன்றைப் பாதிவரை பார்ப்பது, இளையராஜா பாட்டைப் போட்டுவிட்டுக் காலைப் பிடித்துவிடுவது போதும்.

மஞ்சள் நாளுக்குக் கேரம் போர்டை விட்டால் வேறு எதுவும் நிகரில்லை. இது வடசென்னையின் சொந்த ஆட்டம். புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். வியாசர்பாடி இளவழகி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உலகப் பட்டம் வாங்கியவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு போர்டைப் பரணில் போட்டு வைப்பது நியாயமில்லை. உட்கார்ந்தே ஆடலாம், கூட்டம் வேண்டாம், அரைமணி நேரத்தில் முடியும், களைத்தால் அப்படியே விட்டுவிட்டு நாளைக்குத் தொடரலாம். பந்தயம் கட்டினால் சுவை கூடும். தோற்றவர் பாத்திரம் தேய்க்க வேண்டும். நோயாளி என்பதற்காக மனைவியை ஜெயிக்க விடக் கூடாது. மூன்றாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இதில் மருத்துவப் பலன் ஒன்றும் உண்டு. பாக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் விரல் நுனியை மரத்துப்போக வைக்கக்கூடியவை. நேற்றுவரை நேராகப் போன ஸ்ட்ரைக்கர் இன்று விரலுக்குச் சிக்காமல் நழுவினால், அடுத்த ஓ.பி.யில் மறக்காமல் சொல்ல வேண்டிய செய்தி அது. அதுவரை தாயக்கட்டைக்கு மாறிக்கொள்ளலாம்.

பச்சை நாளில் வெளியே கிளம்பலாம். ஞாயிறு மாலைக் காட்சி வேண்டாம், வேலை நாள் காலைக் காட்சி போதும். தியேட்டர் பாதி காலியாக இருக்கும். ஷிஃப்ட் வேலையில் கிடைக்கும் வார நாள் ஓய்வு இங்கே கைகொடுக்கும். மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் பௌர்ணமி நெரிசலை விட்டு ஒரு செவ்வாய்க்கிழமை போகலாம். அம்மன் கோபிக்க மாட்டாள்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது

கருங்கல் தூண்டில் வளைவுகள் நீளும் கத்திவாக்கம் கடற்கரைக்குச் செலவே இல்லை. விடியற்காலை ஆறு மணிக்குப் போனால் கடலிலிருந்து சூரியன் எழும். கூட்டமும் வெயிலும் இருக்காது. கீமோ மருந்துகளில் சில தோலை எளிதில் கருக வைக்கும், கரண்ட் வைத்த இடத்தில் வெயிலே படக் கூடாது என்பதால் பத்து மணிக்கு மேல் கடற்கரை வேண்டாம். தளர்ந்த பருத்தி உடையும் தலைக்கு ஒரு துணியும் போதும். பாறை மேல் ஏறாமல் மணலில் மெதுவாக நடக்கலாம். சிகிச்சைக் காலத்தில் உடற்பயிற்சி செய்வது அசதியைக் குறைக்கிறது என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே பரிந்துரைத்திருக்கிறது. 'படுத்தே கிட' என்னும் பெரியவர்களிடம் இதைச் சொல்லலாம்.

இந்தப் பகுதிக்கென்று ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதே மாதம் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. காற்றில் நெடி தெரிந்தால் அன்றைய நடையை ரத்து செய்துவிட வேண்டும். வீட்டு வாசலில் ஒரு பை எப்போதும் தயாராக மாட்டியிருக்கட்டும்: சிகிச்சை ஃபைல், காப்பீட்டு அட்டை நகல், இரண்டு நாள் மாத்திரை, மாஸ்க், தெர்மாமீட்டர், தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் அதே பைதான், ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போகவும் அதே பைதான்.

ஆஸ்பத்திரி நாளையும் விட வேண்டாம்

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையத்துக்குக் கத்திவாக்கத்திலிருந்து போவது நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவது போலத்தான். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் குலுங்கினால், ஏறாத மருந்துக்கே வாந்தி வரும். விம்கோ நகர் போய் மெட்ரோ பிடித்தால் வண்டி மாறாமல் கிண்டி வரை போய், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ எடுக்கலாம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும்; கத்திவாக்கம் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலும் உண்டு.

அந்தப் பயணத்துக்கு ஒரு சடங்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிப் பாட்டு. பாட்டு மனைவியின் தேர்வு. மருந்து ஏறும் மூன்று நான்கு மணி நேரத்தில் நோயைப் பற்றிப் பேசக் கூடாது, பக்கத்து வீட்டு வம்பு பேசலாம். திரும்பும்போது பர்மா பஜார் பக்கத்து அத்தோ நூடுல்ஸ் நினைவு வரும். அதில் பச்சையாகப் போடும் முட்டைக்கோஸும் தெருவோரத் தண்ணீரும் கவுண்ட் குறையும் நாளில் ஆபத்து. பானிபூரி, வெட்டி வைத்த பழம், ஆஃப்பாயில் எல்லாவற்றுக்கும் அதே தடை. கண்ணெதிரே கொதிக்கக் கொதிக்க வருவதைச் சாப்பிடலாம்.

அடுப்படியை யார் பார்ப்பது?

2009இல் 'கேன்சர்' என்னும் மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. மூளைக் கட்டி, புற்றுநோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் ஆகியவை வந்த 515 பேரைப் பின்தொடர்ந்தார்கள். மனைவி நோயாளியானபோது 20.8 சதவீதம் தம்பதிகள் பிரிந்தார்கள். கணவர் நோயாளியானபோது 2.9 சதவீதம்தான். நம் ஊரில் பிரிவு வக்கீல் நோட்டீஸாக வருவது குறைவு. மனைவியை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வாரம் ஒரு முறை எட்டிப் பார்க்கும் கணவராக வரும். காரணம் பெரும்பாலும் அடுப்படி. ரசமும் இட்லியும் மீன் வறுவலும் செய்யத் தெரிந்த ஆணுக்கு இந்த ஓராண்டு பாதிப் பாரம்.

காசிமேட்டு மீனை நிறுத்த வேண்டியதில்லை, நன்றாக வேக வைத்தால் போதும். வாய்ப்புண் வந்தால் காரத்தையும் புளியையும் குறைத்து, உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்கச் செய்யலாம். எல்லாமே இரும்பு வாடை அடிக்கிறது என்றால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் மர ஸ்பூன். ஆக்சாலிபிளாட்டின் ஏறியிருந்தால் சில நாள்களுக்கு ஐஸ்கிரீமும் ஃபிரிட்ஜ் தண்ணீரும் வேண்டாம். குளிர்ச்சி பட்டதும் தொண்டையும் விரலும் ஊசி குத்துவது போல் இழுக்கும்.

முள்சீத்தாப்பழம் சாப்பிட்டால் போதும், கீமோவே வேண்டாம் என்று யாராவது வீடியோ அனுப்புவார்கள். 2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, வேப்பிலையும் மஞ்சளும் சேர்ந்த உணவு முறையால் மனைவியின் நான்காம் கட்டப் புற்றுநோய் குணமானதாகச் சொன்னபோது, மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இந்நாள், முன்னாள் புற்றுநோய் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு அதை மறுத்தார்கள். சித்துவின் மனைவி அறுவையும் கீமோவும் எடுத்துக்கொண்டவர். வீடியோ அனுப்பிய சித்தப்பாவுக்கு அந்தச் செய்தியைப் பதிலாக அனுப்பிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

யார் ஜோக் அடிக்கலாம்?

மலையாள நடிகர் இன்னசென்ட்டுக்கு 2012இல் நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் வந்தது. சில காலத்திலேயே மனைவி ஆலிஸுக்கும் மார்பகப் புற்றுநோய். ஒரே வீட்டில் இருவரும் நோயாளி. அந்த அனுபவத்தை அவர் 'கேன்சர் வார்டிலே சிரி' என்று புத்தகமாகவே எழுதினார். 2014இல் சாலக்குடி தொகுதியில் நின்று எம்.பி.யும் ஆனார். 2023 மார்ச்சில் காலமாகும்வரை நோயைப் பற்றிக் கிண்டலாகப் பேசுவதை அவர் நிறுத்தவில்லை.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ஜோக்கைத் தொடங்கும் உரிமை நோயாளிக்கு மட்டுமே. முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். "திருப்பதி செலவு மிச்சங்க" என்று மனைவி சொன்னால் கணவர் சேர்ந்து சிரிக்கலாம். கணவரே முதலில் சொல்லக் கூடாது. கொழுந்தனும் நாத்தனாரும் எப்போதுமே சொல்லக் கூடாது.

கதவைச் சாத்திய பிறகு

யாரும் கேட்கத் தயங்கும் விஷயம் இது. புற்றுநோய் தொடுவதால் ஒட்டாது. வெளியிலிருந்து கரண்ட் வைத்தவர் உடம்பில் கதிர்வீச்சு தங்காது. கட்டிப்பிடிக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம். தைராய்டுக்கு ரேடியோ அயோடின் எடுத்தவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் நாள்வரை விலகியிருக்க வேண்டும். கீமோ ஏறியபின் இரண்டு மூன்று நாள் மருந்தின் மிச்சம் உடல் நீர்களில் இருக்கும் என்பதால் உறவின்போது ஆணுறை அவசியம். கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றிவிடுவதும் நல்லது. சிகிச்சை முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை கரு தங்கக் கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் இளம் தம்பதிகள் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிப்பதைப் பற்றி முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பிளேட்லெட்டோ வெள்ளை அணுவோ குறைந்திருக்கும் நாளில் உறவு வேண்டாம். விருப்பமே இல்லாத மாதங்களும் வரும். அப்போது கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவது குறையில்லை.

ரத்து செய்யும் உரிமை

எந்தத் திட்டமும் கிளம்பும் நிமிடத்தில்கூட ரத்தாகலாம். அதற்கு மன்னிப்புக் கேட்பதும் முகம் தூக்குவதும் கூடாது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் திரும்பாத எதையும் பதிவு செய்ய வேண்டாம்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பேச்சே இல்லை. பாதிப் படத்தில் இருந்தாலும் எழுந்து நேராக ஆஸ்பத்திரிக்கு. டாக்டரைக் கேட்காமல் பாரசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்கக் கூடாது.

பணக் கவலை சிரிப்பைத் தின்னும். ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். கேட்க வேண்டிய எண் 1800 425 3993. வலி தணிப்புப் பராமரிப்பு வீட்டுக்கே வேண்டுமென்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது.

பார்த்துக்கொள்பவருக்கும் வாரத்தில் ஒரு மாலை சொந்தமாக வேண்டும். நண்பர்களோடு ஒரு டீ, ஒரு கால்பந்து ஆட்டம். அதற்குக் குற்ற உணர்ச்சி தேவையில்லை. தூக்கம் கெட்டு, எரிச்சல் ஏறி, அழுகை முட்டினால் டெலிமானஸ் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, இந்தத் தம்பதிகளின் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பார்க்க வரும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து 'எந்த ஸ்டேஜு?' என்று கேட்காதீர்கள். அவர்கள் காலண்டரில் பச்சை நாள் எது என்று கேளுங்கள். அன்றைக்குப் பிள்ளைகளை மூன்று மணி நேரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.