பரிணாம மருத்துவத்துக்குப் பணம் எந்தக் கதவுக்குப் பின்னால்?

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: “அமெரிக்காவுல பிஎச்.டி.ன்னா எவ்வளவு சார் கட்டணும்? அம்பது லட்சம் ஆகுமா?” அவருடைய மகள் உயிரியலில் முதுகலை முடித்தவர். பரிணாம மருத்துவத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலா இது? அன்று பாதியில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

துறையைப் பற்றி இரண்டு வரி. நோய் எப்படி வருகிறது என்று மருத்துவம் கேட்கிறது. நோய்க்கு இடம் கொடுக்கும்படி இந்த உடம்பு ஏன் அமைந்தது என்பது பரிணாம மருத்துவத்தின் கேள்வி. ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற உயிரியலாளரும் ராண்டால்ஃப் நெஸ்ஸி என்ற மனநல மருத்துவரும் 1991இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து இத்துறைக்கு வயது கணக்கிடுவார்கள். அதாவது, மருத்துவத் துறைகளில் இது இன்னும் இளவட்டம்தான். இளவட்டத்துக்கு உள்ள எல்லாச் சங்கடமும் இதற்கும் உண்டு. சொந்த வீடு இல்லை என்பது அதில் முதலாவது.

நம்பிக்கை: பிஎச்.டி.க்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டும்.

எம்.எஸ். படிப்போடு போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற பயம் இது. அறிவியல் பிஎச்.டி.யில் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கையில் உதவித்தொகையும் தரும். பதிலுக்கு டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலை பார்க்க வேண்டும்: இளநிலை மாணவர்களுக்கு லேப் நடத்துவது, விடைத்தாள் திருத்துவது. நம் ஊரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் இப்படி உழைக்கக் கூடாது.

அந்தப் பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான். பரிசோதனை கிட், களப்பயணம், ரத்த மாதிரிகளை உலர்பனியில் வைத்து அனுப்பும் செலவு இதெல்லாம் வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கில்தான் பரிணாம மருத்துவ மாணவர் தடுமாறுகிறார்.

நம்பிக்கை: ‘பரிணாமம்’ என்ற சொல்லைப் பார்த்தாலே விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள்.

சொல் பாவம், அதன்மேல் பழியில்லை. அமெரிக்காவில் உயிரியல் ஆய்வுக்கு அரசுப் பணம் வருவது முக்கியமாக இரண்டு வாசல் வழியே: தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்.எஸ்.எஃப்.), தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்.ஐ.எச்.). முதல் வாசலில் பரிணாமம் செல்லப்பிள்ளை. ஆனால் 1952இலிருந்து நடக்கும் அதன் புகழ்பெற்ற பட்ட மாணவர் ஃபெல்லோஷிப்பின் விதிமுறையைப் பொறுமையாகப் படியுங்கள். நோயின் காரணம், கண்டறிதல், சிகிச்சை ஆகியவற்றை இலக்காகக் கொண்ட ஆய்வு தகுதி பெறாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இடிப்பது மருத்துவம்தான். இரண்டாவது வாசலில் நேர்மாறு. அங்கே நோய்தான் எல்லாம். ‘சுவாரசியமான கேள்வி’ என்பது மட்டும் அங்கே செல்லாது.

இரண்டு வாசலுக்கும் நடுத்திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இந்தத் துறை. ஆனால் திண்ணையிலிருந்து இரண்டு பக்கமும் உள்ளே போக முடியும். பொலிவியக் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களின் உடல்நலத்தை மைக்கேல் குர்வன், ஹில்லார்ட் கப்லன் என்ற இரு மானுடவியலாளர்கள் 2002 முதல் ஆராய்ந்து வந்தார்கள். மனித ஆயுள் ஏன் இப்படி நீண்டது என்பது அசல் பரிணாமக் கேள்வி. பணம் கொடுத்ததோ என்.ஐ.எச்.சின் முதுமை ஆய்வு நிறுவனம். ஊர்களிலிருந்து 705 பெரியவர்களை நகரத்துக்கு அழைத்துவந்து இதயத்தை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். 85 சதவீதம் பேரின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு துளியும் இல்லை. 2017இல் ‘லான்செட்’ இதழ் அதை வெளியிட்டது.

ஒரு மாணவி தாய்ப்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருட்களை ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உணவு குறைந்த காலத்தில் தாயின் உடம்பு தனக்கும் பிள்ளைக்கும் இடையில் எதிர்ப்புச் சக்தியை எப்படிப் பங்கிடுகிறது என்று கேட்டால் அது என்.எஸ்.எஃப்.புக்கான கேள்வி. எந்தத் தாயின் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு அதிகம் வருகிறது, எப்படித் தடுக்கலாம் என்று கேட்டால் அது என்.ஐ.எச்.சுக்கானது. இரண்டும் உண்மையான கேள்விகள், பால் மாதிரியும் ஒன்றேதான். ஒரே விண்ணப்பத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்புகிறவர்தான் இரண்டு இடத்திலும் தோற்கிறார்.

நம்பிக்கை: நோயாளிக்கு உதவாத துறைக்கு எவன் பணம் தருவான்?

முட்டைக்கோசு பயிரிடுகிறவர்களைக் கேளுங்கள். வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு மருந்தை அடித்துக்கொண்டே இருந்தால் மருந்துக்குச் சாகாத பூச்சி மட்டும் மிஞ்சிப் பெருகும். ராபர்ட் கேட்டன்பி என்ற கதிரியக்கவியல் மருத்துவர் இந்தப் பூச்சிக் கதையைப் புற்றுநோய்க்குப் பொருத்திப் பார்த்தார். ஃப்ளோரிடாவில் அவர் பணியாற்றும் மாஃபிட் புற்றுநோய் மையத்தில், முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 11 பேருக்கு மருந்தை விட்டுவிட்டுக் கொடுத்தார்கள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு பாதியாகக் குறைந்ததும் நிறுத்தம். பழைய அளவுக்கு ஏறியதும் மறுபடி மாத்திரை. மருந்துக்கு அடங்கும் செல்களை உயிரோடு விட்டுவைத்தால், அடங்காத செல்களை அவையே நெருக்கிவைக்கும் என்பது கணக்கு. 2017இல் வெளியான முடிவின்படி நோய் வழக்கத்தைவிட நீண்ட காலம் கட்டுக்குள் இருந்தது. மருந்தும் வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவாகவே செலவானது. 11 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, இதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் உதவாத துறை என்று சொல்கிறவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சொல்லட்டும்.

நம்பிக்கை: வெளிநாட்டு மாணவருக்கு எதுவுமே கிடையாது.

பாதி உண்மை. என்.எஸ்.எஃப். ஃபெல்லோஷிப்பும் என்.ஐ.எச்.சின் எஃப்-31 ஃபெல்லோஷிப்பும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. என்.எஸ்.எஃப். தருவது ஆண்டுக்கு 37,000 டாலர், மூன்று ஆண்டுகள். (இங்கே சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை மாதத்துக்கு 37,000 ரூபாய். எண் ஒன்றுதான், அமெரிக்க வாடகையையும் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.)

தனியார் அறக்கட்டளைகள் பல பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. மானுடவியலுக்கான வென்னர்–கிரென் அறக்கட்டளை பிஎச்.டி. களப்பணிக்கு 25,000 டாலர் வரை தருகிறது, எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். மனிதத் தோற்றம் பற்றிய ஆய்வுக்கு லீக்கி அறக்கட்டளை இருக்கிறது. பரிணாம மருத்துவ மாணவர் பலர் மானுடவியல் துறையில் போய்ச் சேர்ந்திருப்பதற்கு இந்தப் பணமும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

நம்பிக்கை: ஆயிரம் டாலரில் என்ன ஆகிவிடும்?

சிக்மா சை என்ற அறிவியல் சங்கம் 1922இலிருந்து மாணவர்களுக்குச் சிறு நல்கை தருகிறது, பொதுவாக 1,000 டாலர் வரை. அதைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் உண்டு. களத்தில் நடப்பதைப் பாருங்கள். விரல் நுனியைக் குத்தி வடிதாளில் சில சொட்டு ரத்தம் விடுகிறார்கள். காய்ந்ததும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பையில் போட்டு ஊருக்கு எடுத்துவரலாம். பிறகு ரத்தத்தில் உள்ள புரதங்களை அளக்கும் எலைசா தட்டு. அதில் 96 குழிகள். தரஅளவு, கட்டுப்பாடு போக மிச்சக் குழிகளில் ஒரு மாதிரியை இரண்டு முறை வைத்தால் ஏறக்குறைய 40 பேர் அடங்குவார்கள். ஒரு கிட் பல நூறு டாலர். ஆக ஆயிரம் டாலரில் 40 பேர், கொஞ்சம் பேரம் பேசினால் 80 பேர். முதல் வரைபடம் போட அது போதும். அந்த வரைபடம் இல்லாமல் பெரிய நல்கை கேட்கப் போகிறவர் மாப்பிள்ளையில்லாமல் பெண் பார்க்கப் போகிற மாதிரி.

நம்பிக்கை: சீனியர் வாங்கினார், எனக்கும் வரும்.

வராமலும் போகலாம். உயிரியல் மாணவர்களின் பிஎச்.டி. ஆய்வை மேம்படுத்த என்.எஸ்.எஃப். தந்துவந்த, 20,000 டாலர் அளவிலான நல்கையை 2017இல் நிறுத்திவிட்டார்கள். பணம் இல்லை என்பதைவிட, குவியும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க ஆள் போதவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். 2025இல் அதே அமைப்பின் ஃபெல்லோஷிப் முதலில் 1,000 பேருக்குத்தான் அறிவிக்கப்பட்டது, வழக்கத்தில் ஏறக்குறைய பாதி. பிறகு 500 பேரைச் சேர்த்தார்கள். சீனியரின் பழைய விண்ணப்பத்தை எழுத்துநடைக்காகப் படிக்கலாம். விதிமுறையை இந்த ஆண்டு அறிவிப்பில்தான் படிக்க வேண்டும்.

பந்தியில் கேட்டவரின் மகளுக்கு ஒரு வார்த்தை. வென்னர்–கிரென் விண்ணப்பத்துக்கு ஆண்டில் இரண்டு கடைசித் தேதிகள்: மே 1, நவம்பர் 1. பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் நல்கைகளுக்குப் பேராசிரியரிடம் ஒரு மாதம் முன்பே கேட்டுவிடும்மா.